டேங்கின் அடியில் கிடந்தது

21.4.2025, திங்கள்.

இன்றைய தவறு: ஜெனரேட்டர் டேங்கில் ஊற்ற வேண்டிய டீசல் மருந்து 120 மில்லி. ஊற்றியது 240 மில்லி. முதல் நாள் இரட்டை டோஸ் என்று கைப்பழக்கத்தில் போய்விட்டது. அது கோழிக்குஞ்சுக்கான கணக்கு, டீசலுக்கு அல்ல. ஊற்றிய பிறகுதான் நினைவு வந்தது. கெடுதல் இருக்காது என்று நினைக்கிறேன்.

செய்த வேலை: டீசல் பில்டர் மாற்றினேன். காற்று பில்டரைத் தட்டித் துடைத்தேன். டேங்கின் அடித்திருகைத் திறந்து தண்ணீர் வடிக்கப் பார்த்தேன். துருப்பிடித்து இறுகியிருந்தது, விட்டுவிட்டேன். மாற்று பில்டர் இருப்பு: ஒன்று.

நாளை: ஈ.பி. ஷட்டவுன், காலை 9 முதல் மாலை 4 வரை. ஜெனரேட்டர் ஓட வேண்டும்.

எழுதி முடித்ததும் சுகன்யா 'நினைக்கிறேன்' என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு போட்டாள். பிறகு அந்தக் கோடு எதற்கு என்று அவளுக்கே தெரியாமல் நோட்டை மூடிவிட்டாள்.

ராசிபுரத்தில் வாரத்துக்கு மூன்று நாள் மாலை நடக்கும் டீசல் என்ஜின் பராமரிப்பு வகுப்பில் அவள் நான்காவது மாதம் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் பதினேழு பேர், பெண் இவள் ஒருத்தி. எல்லாரும் வேலைக் குறிப்பு எழுத வேண்டும், முதல் வரியில் அன்றைக்குச் செய்த தவறு இருக்க வேண்டும், தவறு இல்லாத நாளில் கோடு போட்டு விட்டுவிடலாம் என்பது அங்கே விதி. மற்றவர்களின் நோட்டில் கோடுகள் நிறைய இருந்தன. சுகன்யாவின் நோட்டில் இதுவரை ஒன்றுகூட இல்லை. பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பவளுக்கு ஒரு நாளில் ஒரு தவறாவது அகப்படாமல் போகாது.

பகலில் அவளுக்கு மருதாசலத்தின் கோழிப்பண்ணையில் வேலை. கம்பெனி குஞ்சும் தீனியும் கொடுக்கும். மருதாசலம் வளர்த்துக் கொடுப்பார். ஷெட் முழுக்க மூடியது. ஒரு முனையில் தண்ணீர் வழியும் அட்டைச் சுவர், மறுமுனையில் எட்டுப் பெரிய மின்விசிறிகள். விசிறிகள் காற்றை இழுக்கும்வரை உள்ளே கோழி உயிரோடு இருக்கும். நின்றுபோனால் இருபது நிமிஷம். சித்திரை வெயிலில் அதுவும் கிடையாது. அதனால்தான் ஷெட்டுக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் அந்த ஜெனரேட்டர் ஒன்பது வருஷமாகக் காவல் இருந்தது. தீனி, தண்ணீர், இறப்பு, ஜெனரேட்டர் ஓடிய மணி எல்லாவற்றையும் பதிவது சுகன்யாவின் பொறுப்பு.

டீசலில் மருந்து ஊற்றலாம் என்று சொன்னதும் அவள்தான். மாதத்தில் பாதி நாள் ஓடாமல் கிடக்கிற டேங்கில் தண்ணீர் சேரும், அதில் பாசி மாதிரி ஒன்று பிடிக்கும், அதைப் போக்க மருந்து இருக்கிறது என்று வகுப்பில் கேட்டதை வந்து சொன்னாள். இரண்டு வருஷத்தில் அவள் சொல்லி மருதாசலம் வாங்கிய முதல் பொருள் அந்தப் பாட்டில். அதனால்தான் இரட்டிப்பாக ஊற்றியதை நோட்டில் எழுதினாளே தவிர, அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி நாலு நிமிஷத்துக்குக் கரண்டு போனது. பன்னிரண்டு விநாடியில் ஜெனரேட்டர் தானாகக் கிளம்பியது. விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுற்ற ஆரம்பித்தன. சுகன்யா எட்டையும் எண்ணினாள். பிறகு மறுபடியும் எண்ணினாள்.

குஞ்சு இறக்கி முப்பத்தைந்தாவது நாள். உள்ளே பதினோராயிரத்து நானூறு கோழி, ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல். அன்று இரவு எட்டு மணிக்குக் கம்பெனி வண்டி வந்து ஏற்றிப் போகும். ஐந்து வாரமாக யாரும் ஒழுங்காகத் தூங்கியதில்லை. மருதாசலத்தின் கண்கள் ஓரம் சிவந்து கிடந்தன. அவர் மனைவி சௌந்திரம் நின்ற இடத்தில் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்து, திடுக்கிட்டு நிமிர்ந்துகொண்டிருந்தாள். ஷெட் வேலைக்காரன் கலைமணி ஒருவன்தான் பேசத் தெம்புள்ளவனாக இருந்தான். அவனும் பேசித்தான் விழித்திருந்தான்.

"என்ன சாமி, மிசினு மூச்சு உடுதா?" என்று மருதாசலம் தீனி மூட்டை மேல் உட்கார்ந்தபடி சுகன்யாவைக் கேட்டார்.

"ஓடுதுங்ணா."

"அம்மிணி, நீ அது பக்கத்துலயே காதக் குடுத்துட்டு நின்னீன்னா அதுக்கு வெக்கமாப் போயி நின்னுக்கும்," என்றான் கலைமணி. "அக்கட்டால வா."

சௌந்திரம் தூக்குப்போசியில் மோர் கொண்டுவந்தாள். "இந்தா புள்ள, குடி. நீ மயக்கம் போட்டு உழுந்தீன்னா தூக்கறதுக்கு என்ற கையில தெம்பில்ல."

பத்து மணிக்குச் சுகன்யா ஓடிய நேரத்தையும் ஷெட்டின் வெப்பத்தையும் குறித்தாள். பத்தரைக்குக் குறித்தாள். பதினொன்றுக்கு என்ஜின் சத்தத்தில் ஏதோ ஒரு சின்ன இழுப்பு கேட்டது போலிருந்தது. கலைமணியைக் கூப்பிடலாமா என்று யோசித்து, தன் காதின் மேல் சந்தேகப்பட்டு விட்டுவிட்டாள்.

பதினொன்று இருபதுக்கு அந்த இழுப்பு எல்லாருக்கும் கேட்டது. என்ஜின் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. களைத்த மாடு மேட்டில் வண்டி இழுப்பது போல நாலு தடவை முக்கிவிட்டு, நின்றது.

அதன் பிறகு கேட்டது விசிறிகள் ஓய்கிற சத்தம். எட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்து நின்றன. அபாய மணி பேட்டரியில் கத்தத் தொடங்கியது.

"திரைய எறக்குடா!" என்று மருதாசலம் கத்தினார். கலைமணி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தான். ஷெட்டின் ஒரு பக்கத்தில் அவசரத்துக்கென்று வைத்த தார்ப்பாய்த் திரை உண்டு. அவன் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற அது மேலிருந்து இறங்கி, அந்தப் பக்கம் திறந்துகொண்டது. வெளியே இருந்த அனல் உள்ளே போனது. அதுவாவது போனது. சௌந்திரமும் மருதாசலமும் ஷெட்டுக்குள் இறங்கி நடந்தார்கள். நடந்தால் கோழி எழுந்து நகரும். எழுந்தால் அடிவயிற்றுச் சூடு கொஞ்சம் போகும். வாயைப் பிளந்து மூச்சு வாங்கும் வெள்ளைக் கூட்டத்தின் நடுவே இரண்டு பேரும் கைகளை வீசிக்கொண்டு போவதைச் சுகன்யா ஒரு விநாடி பார்த்தாள். பிறகு ஸ்பேனரை எடுத்தாள்.

நேற்றுப் போட்ட பில்டரைக் கழற்றினாள். அது புதுசு, ஒரு நாள் ஆனது. கவிழ்த்தபோது டீசல் மட்டும் வரவில்லை. கறுப்பாக, கஞ்சி ஆடை போல, நூல் நூலாக ஏதோ வந்து அவள் மணிக்கட்டில் ஒட்டியது.

இருந்த ஒரே மாற்று பில்டரைப் பூட்டி, கைப்பம்பை அடித்து, குழாயில் புகுந்த காற்றை வெளியே தள்ளினாள். நுரை வந்தது. அடித்தாள். நுரை நின்று டீசல் வந்தது. பொத்தானை அமுக்கினாள். முதல் தடவை வரவில்லை. இரண்டாவது தடவையும் வரவில்லை. மூன்றாவது தடவை என்ஜின் பிடித்துக்கொண்டது.

பதினாலு நிமிஷம். செத்தது அறுபத்தேழு. கலைமணி காலைப் பிடித்துத் தூக்கி வெளியே போட்டபடி சத்தமாக எண்ணினான். அறுபதுக்கு மேல் அவன் குரல் தாழ்ந்துபோனது.

"அந்த பங்க்காரன் தண்ணியக் கலந்துட்டான்," என்றார் மருதாசலம். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. "இருபது வருசமா அவங்கிட்டத்தான் புடிக்கறேன். இப்பிடிப் பண்ணிட்டானே."

"கேளுங்ணா, நேர்ல போயிக் கேளுங்," என்றான் கலைமணி. "நாலு சத்தம் போட்டாத்தான் அவனுக்கு உறைக்கும்."

"மொதல்ல மிஸ்திரியக் கூப்புடறேன்."

ஜெனரேட்டர் மிஸ்திரி குமாரபாளையத்தில் ஒரு தறிப்பட்டறையில் இருந்தார். அங்கேயும் ஒரு ஜெனரேட்டர் படுத்துவிட்டதாம். மூணு மணிக்கு முன்னால் வர முடியாது என்றார். ராசிபுரத்தில் பில்டர் கடைக்குப் போன் போட்டால், அந்த நம்பர் பில்டர் நாமக்கல்லில்தான் இருக்கிறது, சாயங்கால பஸ்ஸில் கடைக்கு வரவழைக்கிறோம் என்றார்கள். மருதாசலம் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

சுகன்யா கழற்றிய பில்டரை ஒரு டப்பாவில் கவிழ்த்து வைத்திருந்தாள். அடியில் அந்தக் கறுப்புச் சகதி தேங்கியது. அதை ஒரு குச்சியால் கிளறினாள். எங்கேயோ பார்த்த சகதி. டீசல் நாற்றத்தில் அது எங்கே என்று பிடிபடவில்லை.

மருதாசலம் வந்து எட்டிப் பார்த்தார். "ஏஞ் சாமி, அந்த மருந்து மிச்சம் இருக்குதல்ல?"

"இருக்குதுங்ணா."

"எடுத்தா. இன்னும் ரெண்டு மூடி ஊத்தலாம். அழுக்கு இருந்தா அறுத்துப் போடட்டும். அதுக்குத்தான வாங்குனது."

அவள் மருந்து வைக்கும் அறைக்குப் போய்ப் பாட்டிலை எடுத்தாள். அலமாரியில் அதற்குப் பக்கத்தில், கோழிக்குத் தண்ணீர் போகும் நிப்பிள் குழாயைக் கழுவும் மருந்துக் கேன் இருந்தது. ஒவ்வொரு தடவையும் கோழி ஏற்றிப் போன பிறகு, அடுத்த குஞ்சு வருவதற்கு முன், காலி ஷெட்டில் அதைக் குழாயில் விடுவார்கள். ஓர் இரவு ஊறினால் குழாயின் உள்பக்கம் பிடித்த பாசி முழுக்கத் தோல் உரிந்தது போலக் கழன்று வரும். மறுநாள் மூன்று தடவை தண்ணீரைப் பீய்ச்சி வெளியே தள்ளாவிட்டால் அந்தத் தோல் ஒவ்வொரு நிப்பிளிலும் போய் அடைக்கும். அதனால் உள்ளே கோழி இருக்கும்போது யாரும் குழாய் கழுவுவதில்லை. அவளே கலைமணிக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

நிப்பிளில் வரும் தோல். அந்தச் சகதியை அங்கேதான் பார்த்திருக்கிறாள்.

பாட்டில் கையில் கனத்தது. ஒன்பது வருஷம் அந்த டேங்க் திறக்கப்படவில்லை. அடியில் கிடந்தது கிடந்த இடத்தில் கிடந்தது. அவள் மருந்தை ஊற்றினாள், அதுவும் இரட்டிப்பாக. ஒன்பது வருஷ அழுக்கும் ஒரே ராத்திரியில் கழன்று, உள்ளே பதினோராயிரம் கோழியை வைத்துக்கொண்டு, பில்டரை நோக்கிப் புறப்பட்டுவிட்டது.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று அவள் யோசிக்கத்தான் செய்தாள். பாட்டில் காலி என்று சொல்லலாம். பங்க்காரன் மேல் பழி அப்படியே இருக்கும். ஆனால் இந்த பில்டரும் ஒரு மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும். வேறு பில்டர் இல்லை. அப்போது அறுபத்தேழு என்பது பெரிய எண்ணாக இருக்காது.

வெளியே வந்தாள். மருதாசலம் டேங்க் மூடியைத் திறந்து வைத்துக் கையை நீட்டினார்.

"வேண்டாங்ணா."

"ஏன்?"

"மருந்துதாங்ணா இதப் பண்ணுச்சு. பங்க்காரர் மேல தப்பில்லீங்."

அவர் கை நீட்டியபடியே இருந்தது. கலைமணி கோழியைப் போட்ட சாக்கைக் கீழே வைத்தான்.

"நேத்து நூத்தியிருவது ஊத்தோணும். குஞ்சுக்கு ஊத்தற நெனப்புல மொத நாள் ரெட்ட டோஸுன்னு எரநூத்தி நாப்பது ஊத்திட்டேன். அளவா ஊத்தியிருந்தாலும் இது வந்திருக்குமோ என்னமோ. டேங்குக்கு அடியில இருக்கறது பூராவும் கழண்டு வருதுங்ணா, நிப்பிள் லைன் கழுவறப்ப வருதில்லைங், அதே மாதிரி. மொதல்ல டேங்கக் கழுவியிருக்கோணும். நான் திருகத் திறக்கப் பாத்துட்டு, வரலைன்னு உட்டுட்டேன்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தில் பாதி அவர் காதில் விழுந்ததோ என்னவோ என்று நினைத்தாள். எல்லாமே விழுந்திருந்தது.

"இத வெடியால வந்ததுமே சொல்றதுக்கு என்ன?" என்றார். குரலில் கோபம் வருவதற்கான தெம்பு இல்லை. அது அவளுக்கு இன்னும் மோசமாக இருந்தது.

"பயந்துட்டேங்ணா. நோட்டுல மட்டும் எழுதி வெச்சேன்."

"நோட்டுல எழுதத் தெரீது. என்கிட்டச் சொல்லத் தெரீல."

சௌந்திரம் ஷெட் வாசலில் நின்றபடி, "அதய அப்பறம் பேசிக்கலாங்க," என்றாள். "இப்ப என்ன பண்றது? அதய அந்தப் புள்ளைகிட்டயே கேளுங். பண்ணுனவளுக்குத்தான அதோட வகை தெரியும்."

சுகன்யாவுக்கு ஒரு வழி தோன்றியிருந்தது. ஆனால் அதைச் சொல்வது முன்னதைச் சொல்வதைவிடக் கஷ்டமாக இருந்தது. டேங்கை விட்டுவிட வேண்டும். கழுவின கேனில் புது டீசல் பிடித்து வந்து, டேங்கிலிருந்து என்ஜினுக்குப் போகிற குழாயையும், என்ஜினிலிருந்து மிச்சம் திரும்பி வருகிற குழாயையும் கழற்றி, இரண்டையும் கேனுக்குள் விட வேண்டும். நாலு மணிவரைக்கும் முப்பது லிட்டர் போதும். கேனில் அழுக்கு இல்லை, பில்டர் மேற்கொண்டு அடைக்காது.

"செரி, அப்பறம் என்ன?" என்றார் மருதாசலம்.

"அதுக்கு மிசின நிறுத்தோணுங்."

கலைமணி திரும்பி என்ஜினைப் பார்த்தான்.

"ஓடிட்டு இருக்கறத நாமளே நிறுத்தறதா?" என்றான் கலைமணி.

"அதுவா நின்னுதுன்னா திரும்ப வராது. நாம நிறுத்துனா ஒம்பது, பத்து நிமிசத்துல கெளப்பிரலாம். எல்லாத்தயும் கிட்டத்துல எடுத்து வெச்சுட்டு நிறுத்தலாங்."

"கெளம்புமா?"

கட்டாயம் கிளம்பும் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். "கெளம்போணுங்," என்றுதான் வந்தது.

மருதாசலம் அவளையே பார்த்தார். பிறகு வண்டிச் சாவியை எடுத்தார். "கேனு ரெண்டு எடுடா கலைமணி. புதுசா பாத்து எடு." போகும்போது முணுமுணுத்தார்: "இருபது வருசம் பழகுனவன். நல்லவேளை, போன் போட்டுத் திட்டாம இருந்தேன்."

அவர் போய் வருவதற்குள் சுகன்யா ஜெனரேட்டரை ஒட்டிய சுவரில், தடுப்பூசி நாள் எழுதும் சாக்பீஸால், செய்ய வேண்டியதை வரிசையாக எழுதினாள். எந்தக் குழாய் போவது, எது வருவது என்று நிறம் மாற்றி நூல் கட்டினாள். கட்டியதைத் தடவிப் பார்த்து, சந்தேகப்பட்டு, குழாயை டேங்கிலிருந்து என்ஜின்வரை விரலால் தொடர்ந்து போய்ச் சரிபார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. ஸ்பேனர், துணி, வாளி, கிளிப் என்று காலடியில் அடுக்கினாள். என்ஜின் சத்தத்தில் மறுபடி அந்த இழுப்பு வந்திருந்தது. இந்தத் தடவை அவள் தன் காதை நம்பினாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு மருதாசலம் வந்து சேர்ந்தார். என்ஜின் ஏறி இறங்க ஆரம்பித்திருந்தது. கலைமணி திரையின் கைப்பிடியில் தயாராக நின்றான். சௌந்திரம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஷெட்டுக்குள் போனாள்.

"நிறுத்துங்ணா," என்றாள் சுகன்யா.

அவர் சிவப்புப் பொத்தான் மேல் விரலை வைத்தார். எடுத்துவிட்டார். "என்னால ஆகாது சாமி. ஓடறத நிறுத்த எங்கை வராது. நீயே அமுக்கு. நான் உள்ள போயி நடக்கறேன்."

அவள் அமுக்கினாள்.

குழாய்களைக் கழற்றினாள். முழங்கைவரை டீசல் வழிந்தது. போவதைக் கேனில் விட்டாள், வருவதைக் கேனில் விட்டாள், நூலைப் பார்த்தாள். பில்டரைக் கழற்றி வாளியில் கவிழ்த்தாள். மறுபடியும் அந்தக் கறுப்பு நூல். புது டீசலை ஓரத்து ஓட்டைகள் வழியாக ஊற்றி, குலுக்கி, கொட்டினாள். இன்னொரு தடவை. நடு ஓட்டையில் ஊற்றிவிடாதே என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டாள். அது சுத்தம் வெளியேறும் பக்கம், அதில் ஊற்றுவது வடிகட்டாமலே நேராக என்ஜினுக்குப் போய்விடும். பூட்டினாள். ஒரு தடவை பிடி வழுக்கி, விரல்முட்டி உலோகத்தில் இடித்துத் தோல் கிழிந்தது. கைப்பம்பு. நுரை. கைப்பம்பு. நுரை. ஷெட்டுக்குள்ளிருந்து சௌந்திரம், "ஓய், ஓய், எந்திரிங்க, எந்திரிங்க" என்று கோழிகளைக் கெஞ்சும் குரல் கேட்டது. நுரை. பிறகு டீசல்.

பொத்தானை அமுக்கினாள். என்ஜின் முனகிச் சுற்றியது, பிடிக்கவில்லை. கைப்பம்பை இன்னும் இருபது அடித்தாள். சுவரில் எழுதியதைப் பார்த்தாள். ஒரு வரிகூட விட்டுப்போகவில்லை. விட்டுப்போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும், செய்ய ஏதாவது இருந்திருக்கும். மறுபடி அமுக்கினாள்.

பிடித்தது. கறுப்புப் புகை ஒரு கொத்துக் கக்கிவிட்டுச் சீராக ஓடியது. விசிறிகள் ஒன்று, இரண்டு, மூன்று. எட்டு.

ஒன்பது நிமிஷம். செத்தது நாற்பத்தொன்று.

அதன் பிறகு நாலு மணிவரை செய்ய ஒன்றுமில்லை, கேட்டுக்கொண்டிருப்பதைத் தவிர. சுகன்யா கேனுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கில் உட்கார்ந்திருந்தாள். அரைமணிக்கு ஒரு தடவை டீசல் மட்டத்தையும் ஷெட்டின் வெப்பத்தையும் எழுதினாள். சௌந்திரம் அவள் விரல்முட்டியில் மஞ்சளை அப்பித் துணி கட்டிவிட்டாள். மூணு மணி தாண்டியும் மிஸ்திரி வரவில்லை. கலைமணி கிணற்றுமேட்டுக்கு அந்தப் பக்கம் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி, நூற்றெட்டையும் புதைத்துவிட்டு வந்தான்.

"நூத்தியெட்டு," என்றான். "கோயிலச் சுத்தற கணக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

நாலு மணிக்கு வர வேண்டிய கரண்டு நாலு இருபத்தைந்துக்கு வந்தது. கேனில் ஐந்து லிட்டர் மிச்சம் இருந்தது. ஜெனரேட்டர் தானாக ஓய்ந்தது. அந்த அமைதியில் மருதாசலம் தீனி மூட்டை மேல் அப்படியே சரிந்து படுத்துக் கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்று நினைத்து, சுகன்யா நோட்டைத் திறந்தாள்.

"என்ன எழுதற?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"இன்னிக்கு நடந்ததுங்ணா."

"படி."

அவள் முந்தின நாள் எழுதியதிலிருந்து படித்தாள். இரட்டை டோஸ் வரியைக் கேட்டுக்கொண்டார். அடித்திருகு வரி வந்ததும், "சித்த இரு," என்றார்.

"அந்தத் திருகு நீ திறக்காம இறுகல. வாங்குன வருசம் மிஸ்திரி திறக்கப் போனான். ஒழுகுச்சுன்னா எவன் பாக்கறதுன்னு நாந்தான் கையே வெக்க வேண்டான்னேன். அப்பறம் ஒருத்தரும் அதத் தொடல." நோட்டைப் பார்த்துக் கையை நீட்டினார். "அதயும் எழுதிக்க."

"உங்க பேரு போட்டுங்களா?"

"பேரு எதுக்கு? ஓனருன்னு போடு போதும்."

வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சௌந்திரம், "இத்தன வருசத்துல அவர் தப்புன்னு ஒண்ண ஒத்துக்கிட்டது இதுதான் புள்ள," என்றாள். "தேதியப் பெருசா எழுது."

மருதாசலம் எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். சுகன்யா பேனாவை மூடாமல் வைத்திருந்தாள். கேட்க வேண்டியது ஒன்று மிச்சம் இருந்தது: நாளைக்கு வேலைக்கு வரலாமா.

அவர் ஜெனரேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ராத்திரி வண்டி வந்து ஏத்திட்டுப் போயிரும். நாளைக்கு ஷெட்டு காலி. டேங்க எறக்கிக் கழுவறதுன்னா அதுதான் நேரம். அந்தத் திருகுக்கு எந்த நம்பர் ஸ்பேனர் வேணும்?"

"இருவத்திநாலுங்ணா."

"நம்மகிட்ட இல்ல. நாளைக்கு நீ வரையில ராசிபுரத்துல வாங்கிட்டு வந்துரு. நல்லதாப் பாரு, வளையாததா."

"செரிங்ணா," என்றாள். அந்த நம்பரை நோட்டில் எழுதினாள். அவர் எழுந்து, கோழி ஏற்றுவதற்கு விளக்குப் போடக் கிளம்பினார்.

22.4.2025, செவ்வாய்.

இன்றைய தவறு: நேற்றைய தவறை நேற்றே சொல்லாதது. பதினோரு மணிக்கு என்ஜின் சத்தம் மாறியதைக் கேட்டும் யாரையும் கூப்பிடாதது.

ஜெனரேட்டர் இரண்டு முறை நின்றது. முதல் முறை தானாக, 14 நிமிஷம். இரண்டாம் முறை நான் நிறுத்தியது, 9 நிமிஷம். இறப்பு 67, 41. காரணம்: டேங்கைக் கழுவாமல் மருந்து ஊற்றியது. டேங்கின் அடித்திருகு ஒன்பது வருஷமாகத் திறக்கப்படவில்லை (ஓனர் சொன்னது). பங்க் டீசலில் குறை இல்லை.

நாளை: 24-ஆம் நம்பர் ஸ்பேனர் வாங்க வேண்டும். நாமக்கல்லில் இருந்து வந்த பில்டரைக் கடையில் வாங்க வேண்டும், மூன்றாக. காலை 8 மணிக்கு டேங்கை இறக்கி, அடித்திருகைத் திறந்து, முழுக்க வடித்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காய வைக்க வேண்டும்.